கார்டில் கட்டி ஓடிபி போட்டாச்சு, பொருள் வரலை. பணம் திரும்புமா? (சேலம்)

அம்மாபேட்டை_தறி (ஜூலை 18)

வணக்கம். அம்மா ஜாக்கெட் தைக்கிறவங்க. பழைய மிஷின் அடிக்கடி நூலை அறுக்குதுன்னு, மோட்டார் வெச்ச ஜிக்ஜாக் மிஷின் ஒண்ணு ஜூன் 3-ம் தேதி ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். போன்ல வந்த விளம்பரத்தைத் தொட்டுத்தான் அந்தத் தளத்துக்குப் போனேன். விலை 16,800 ரூபாய். என் கிரெடிட் கார்டுல கட்டினேன். ஓடிபி வந்துச்சு, போட்டேன். பத்து நாள்ல வீட்டுக்கு வரும்னு எழுதியிருந்தாங்க.

ஜூன் 13 தாண்டியும் வரலை. மெயில் போட்டேன், ஒரு கூரியர் நம்பர் அனுப்பினாங்க. 21-ம் தேதி அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தா "டெலிவரி ஆகிவிட்டது, சேலம்"னு காட்டுது. எங்க வீட்டுக்கு யாருமே வரலை. பக்கத்து வீடு, எதிர்வீடு, தெருமுனை மளிகைக்கடை வரைக்கும் கேட்டாச்சு. அதுக்கப்புறம் போட்ட மெயில் எதுக்கும் பதில் இல்லை.

வங்கி கஸ்டமர் கேருக்கு அடிச்சா, "ஓடிபி நீங்கதானே மேடம் போட்டீங்க, அப்ப இது ஃபிராடு கிடையாது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு வெச்சுட்டாங்க. அம்மா "போனா போகுது, விடு"ன்னு சொல்றாங்க. பில் வந்தா கட்டறதுக்குன்னு சீட்டுப் பணத்தை எடுத்து வெச்சிருந்ததும் அவங்கதான். என்னால விட முடியலை. வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொண்டலாம்பட்டி_ரவுண்டானா

ஓடிபி போட்டா முடிஞ்சதுங்க. என் மச்சானுக்கும் இதே கதைதான். டிரில்லிங் மிஷின்னு ஆர்டர் போட்டான், வரவே இல்லை. வங்கியில இதையேதான் சொன்னாங்க, விட்டுட்டான். அதுல இருந்து நான் கேஷ் ஆன் டெலிவரி மட்டும்தான்.

பழைய_டிஸ்ப்யூட்_டெஸ்க் (அஸ்தம்பட்டி)

தங்கச்சி, விடாதீங்க. கார்டு தகராறு பிரிவுல 11 வருஷம் உட்கார்ந்தவன் நான். உங்களுக்குச் சொன்ன பதில் தப்பு. நீங்க கேட்ட கேள்வி ஒண்ணு, அவங்க பதில் சொன்ன கேள்வி வேற.

"இந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை, எவனோ என் கார்டைப் போட்டுட்டான்"ங்கறது ஒரு வகைப் புகார். "நான்தான் கட்டினேன், ஆனா வாங்கின பொருள் வரலை" அப்படிங்கறது இன்னொரு வகை. ஓடிபி முதல் வகைக்கு மட்டும்தான் சாட்சி. கட்டினது நீங்கதான்னு அது சொல்லும். பொருள் வந்து சேர்ந்துச்சுன்னு சொல்ல அந்த ஆறு எண்ணால முடியாது. கஸ்டமர் கேர்ல இருக்கிற பிள்ளைங்களுக்குத் திரையில "ஃபிராடா, இல்லையா"ன்னுதான் முதல் கேள்வி வரும். நீங்க "ஏமாத்திட்டாங்க"ன்னு சொன்னதும் அவங்க ஃபிராடு பக்கம் போயிருப்பாங்க, அங்க ஓடிபியைப் பார்த்ததும் மூடியிருப்பாங்க.

இனிமே "ஃபிராடு", "ஏமாத்திட்டாங்க" ரெண்டு வார்த்தையும் வேண்டாம். "சேவைத் தகராறு, பொருள் கிடைக்கவில்லை, சார்ஜ்பேக் எழுப்பவும்" அப்படின்னு மெயில்ல எழுதுங்க. போன்ல வேண்டாம். புகார் எண் கேட்டு வாங்குங்க.

சார்ஜ்பேக்னா என்னன்னு சுருக்கமா சொல்றேன். உங்க வங்கி, விற்கிறவரோட வங்கி, நடுவுல விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரி ஒரு நெட்வொர்க். பொருள் வரலைன்னு நீங்க சொன்னா, உங்க வங்கி நெட்வொர்க் விதிப்படி அந்தத் தொகையை விற்கிறவரோட வங்கிகிட்ட இருந்து திரும்ப இழுக்கும். "நான் அனுப்பிட்டேன்"னு நிரூபிக்கிற பொறுப்பு அப்ப அவர் தலைக்குப் போயிடும். அவர் ஆதாரம் கொடுத்தா அது உங்ககிட்ட வரும், நீங்க மறுக்கலாம். அதுக்கும் மேல போனா நெட்வொர்க்கே தீர்ப்பு சொல்லும்.

நாள் கணக்கு முக்கியம். விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுலயும் பொருள் வராத தகராறுக்குப் பொதுவா 120 நாள். பொருள் எந்தத் தேதிக்குள்ள வரணும்னு வாக்கு கொடுத்தாங்களோ அதுல இருந்து எண்ணணும். உங்களுக்கு ஜூன் 13, அப்ப அக்டோபர் 11 வரைக்கும் இருக்கு. ஆனா வங்கிக்கும் நாள் வேணும், சில வங்கி உள்விதி இன்னும் குறுகலா வெச்சிருக்கும். இந்த வாரமே போடுங்க.

இன்னொண்ணு. கூரியர் "டெலிவரி"ன்னு காட்டறதை விற்கிறவர் ஆதாரமாக் கொடுக்கத்தான் போறார். அந்தக் கூரியரோட சேலம் ஆபீசுக்கு நேர்லயே போங்க. அந்தப் பார்சல் எத்தனை எடை, எந்தத் தெருவுல யார் கையெழுத்து போட்டாங்கன்னு எழுதி வாங்குங்க. ஜிக்ஜாக் மிஷின் குறைஞ்சது அஞ்சாறு கிலோ இருக்கும். எடை அதைவிடக் குறைவா இருந்தா, மிஷினை அனுப்பினேன்னு அவர் சொல்றது உடைஞ்சிடும்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

சார் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் எதிர்ப்பக்கம் நின்னு பட்டவன், அதையும் கேளுங்க.

எங்களுக்கு வெள்ளிக் கொலுசு பட்டறை. அப்பா காலத்துல வியாபாரி வந்து வாங்கிட்டுப் போவாங்க, நாலு வருஷமா நான் ஆன்லைன்லயும் போடறேன். ஆரம்பத்துல ஒரு ஆர்டர் வந்துச்சு. மூணு மாசம் கழிச்சு அந்தக் கார்டுக்காரர் "நான் வாங்கவே இல்லை"ன்னு புகார் போட்டிருக்கார். பயந்து போயிட்டேன். ஓடிபி வழியா வந்த ஆர்டர்ங்கறதால என் கணக்குல கை வைக்கலை, கார்டு கொடுத்த வங்கியே பார்த்துக்கிச்சு. அதுல இருந்து ஓடிபி இருந்தா நமக்குக் காப்புன்னு நானும் நம்பிட்டேன்.

ரெண்டாவது கேஸ்ல மாட்டினேன். பெங்களூருக்கு ஒரு ஜோடி, 180 கிராம், 80 டச் (நூத்துக்கு எண்பது பங்கு வெள்ளி). கூரியர் பையன் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டு வந்துட்டான். கையெழுத்து இல்லை, பேர் இல்லை. வாங்கினவங்க "வரலை"ன்னுட்டாங்க. நிஜமா வரலையா, வந்தும் சொல்றாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் "ஓடிபி இருக்கு, ஓடிபி இருக்கு"ன்னு கத்தினேன். பேமென்ட் கேட்வேகாரர் (ஆன்லைன்ல கட்டற பணத்தை வாங்கி எங்களுக்குக் கொடுக்கிற நிறுவனம்) கேட்டது ஒண்ணே ஒண்ணு: டெலிவரி கையெழுத்து எங்க? என்கிட்ட இல்லை. பணம் போச்சு, கொலுசும் போச்சு, அதுக்கு மேல சார்ஜ்பேக் கட்டணம்னு தனியா ஒரு தொகை பிடிச்சாங்க.

அதனால, தங்கச்சி, நீங்க உண்மையைச் சொல்றீங்க, கண்டிப்பா போடுங்க. ஆனா வேற யாராவது இதைப் படிச்சுட்டு, பொருளை வாங்கி வெச்சுக்கிட்டே "வரலை"ன்னு போட நினைச்சா, அந்த ஒரு ஜோடியில பத்துப்பேர் கூலி இருக்கு. கம்பி இழுக்கிறவர், பத்த வைக்கிறவர், சலங்கை கோக்கிற பொம்பளைங்க, மெருகு போடறவர், எல்லாருக்கும் நான் சனிக்கிழமை கூலி கொடுத்தாகணும். வெள்ளி விக்கிற விலையில ஒரு ஜோடி போனா எழுந்திரிக்க ஒரு மாசம் ஆகும்.

ஏற்காடு_மிளகு

அண்ணா, நீங்க இப்ப எப்படி அனுப்பறீங்க? நாங்க நாகலூர்ப் பக்கம் சின்னத் தோட்டம், காபித்தூளும் மிளகும் அனுப்பறோம். இந்தப் பயத்துலயே கார்டு வேண்டாம்னு வெச்சிருக்கோம்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

கார்டை நிறுத்தாதீங்கம்மா, வெளியூர் ஆளு முகம் தெரியாத கடைக்கு முதல் தடவை கட்டறது அதை நம்பித்தான். நான் செய்யறது இதுதான்: தராசுல வெச்சு எடை தெரியற மாதிரி, பெட்டியை ஒட்டற வரைக்கும் ஒரே வீடியோ, நடுவுல வெட்டு இல்லாம. பில்லுல எடை, டச் ரெண்டும் எழுதிடுவேன். ஓடிபி சொன்னாத்தான் பார்சலைக் கையில கொடுக்கிற சேவைக்குக் கூடுதலாக் கட்டி அனுப்பறேன். ஆர்டர்ல இருக்கிற முகவரியைத் தவிர வேற முகவரிக்கு, "அண்ணா, மாமியார் வீட்டுக்கு அனுப்பிடுங்க"ன்னு வாட்ஸ்அப்ல சொன்னா அனுப்பறதில்லை. ஆர்டரை ரத்து பண்ணிட்டுப் புதுசாப் போடச் சொல்லிடுவேன். முதல்ல கோவிச்சுக்கிறாங்க, காரணம் சொன்னா புரிஞ்சுக்கிறாங்க.

பழைய_டிஸ்ப்யூட்_டெஸ்க்

இதோட ரெண்டு சேர்த்துக்குங்க. கார்டு ஸ்டேட்மென்ட்ல உங்க கடைப் பேர் எப்படி விழுதுன்னு பாருங்க. தளத்துல ஒரு பேர், ஸ்டேட்மென்ட்ல உங்க தாத்தா பேர்ல பதிஞ்ச நிறுவனம்னு இருந்தா, வாங்கினவரே மறந்துபோய் "இது யாரு?"ன்னு புகார் போடுவார். நான் பார்த்த "நான் வாங்கவே இல்லை" புகார்ல கணிசமானது இப்படி வந்ததுதான். கேட்வேகிட்ட சொன்னா பேரை மாத்திக் கொடுப்பாங்க.

ரெண்டாவது, சார்ஜ்பேக் நோட்டீஸ் வந்தா அன்னைக்கே பதில் கொடுங்க. விற்கிறவருக்குச் சில நாள்தான் கொடுப்பாங்க. பதில் போடலைன்னா தோத்ததாக் கணக்கு. நல்ல ஆதாரம் கையில இருந்தும் மெயிலைப் பார்க்காமத் தோத்தவங்களை நிறையப் பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

ஏற்காடு_மிளகு

ஒரு சந்தேகம் சார். ஆடி மழையில மலையில எல்லாமே ஈரம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்ச் சேர்றதுக்குள்ள மிளகு நமத்துப்போச்சு, "சொன்ன மாதிரி இல்லை"ன்னு ஒருத்தர் போட்டா என்ன ஆகும்?

பழைய_டிஸ்ப்யூட்_டெஸ்க்

அது மூணாவது வகைம்மா. "பொருள் சொன்னபடி இல்லை, பழுது." இதுல வாங்கினவருக்கும் கடமை இருக்கு. முதல்ல உங்ககிட்ட சொல்லியிருக்கணும், பொருளைத் திருப்பி அனுப்பியிருக்கணும், இல்லைன்னா அனுப்பத் தயார்னாவது சொல்லியிருக்கணும். பொருளையும் வெச்சுக்கிட்டுப் பணத்தையும் கேட்க முடியாது. ஆனா பழுதாவோ, விளம்பரத்துல சொன்னதுக்கு மாறாவோ இருந்தா, திரும்ப வாங்க மாட்டேன்னு நீங்களும் சொல்ல முடியாது. 2020-ல வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்லயே அது இருக்கு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு தளத்துல போட்டு வெச்சா அது உங்களைக் காப்பாத்தாது. அதே விதியில, ஆன்லைன் தளம் நடத்தறவங்க புகார் வந்த 48 மணி நேரத்துல பெற்றுக்கொண்டேன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும்னும் இருக்கு.

சூரமங்கலம்_ஷிஃப்ட்

எனக்கு இதுல பாதி உடன்பாடு இல்லை. கிரெடிட் கார்டே வேண்டாம்னு சொல்றவன் நான். வட்டியில குடும்பம் மூழ்கினதைப் பார்த்திருக்கேன். யுபிஐ இருக்கு, டெபிட் கார்டு இருக்கு, அதுல வாங்கினா ஆகாதா?

பழைய_டிஸ்ப்யூட்_டெஸ்க்

தம்பி, உங்க பயம் நியாயமானது. முழுசாக் கட்ட முடியாதவங்க கையில கிரெடிட் கார்டு ஆபத்துதான், அதுல மாற்றுக்கருத்து இல்லை. பாதுகாப்புன்னு மட்டும் எடுத்துக்கிட்டா: டெபிட் கார்டுக்கும் சார்ஜ்பேக் உண்டு. வித்தியாசம் என்னன்னா, அங்க முதல் நாளே உங்க சேமிப்புல இருந்து பணம் போயிடும், தகராறு முடியற வரைக்கும் நீங்க பணமில்லாம நிக்கணும். கிரெடிட் கார்டுல போறது வங்கிப் பணம், பில் வர்றதுக்குள்ள பேச உங்களுக்கு நாள் இருக்கு.

யுபிஐ-ல கடைக்குக் கட்டினதுக்குப் புகார் வழி இருக்கு. ஆனா "இந்த நம்பருக்கு அனுப்புங்க"ன்னு ஒருத்தர் சொல்லி, நீங்களா பின் போட்டுத் தனி ஆளுக்கு அனுப்பிட்டா, திரும்ப இழுக்கறது ரொம்பக் கஷ்டம். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்கணும், மணிக்கணக்கு கூடத் தாமதிக்கக் கூடாது. கார்டுல கட்ட வசதி வெச்சிருக்கிற கடை, கடைசி நிமிஷத்துல "கேட்வே வேலை செய்யலை, இந்த நம்பருக்கு யுபிஐ பண்ணிடுங்க"ன்னு சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க.

கேஷ் ஆன் டெலிவரி பத்தி மேல சொன்னாங்க. பெரும்பாலும் பணத்தைக் கொடுத்துட்டுத்தான் பெட்டியைப் பிரிக்க விடறாங்க. உள்ள செங்கல் இருந்தா, உங்களுக்காக அந்தப் பணத்தை இழுக்க நடுவுல எந்த வங்கியும் கிடையாது.

முதல் வகை, அதாவது நீங்க கட்டாமலே போன பணம், அதுக்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில கொண்டுவந்த விதி இருக்கு. உங்க மேலயும் தப்பு இல்லை, வங்கி மேலயும் இல்லை, வெளியில எவனோ செஞ்சதுன்னா, வங்கித் தகவல் வந்து மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்களுக்கு ஒரு ரூபாய் கூட நஷ்டம் இல்லை. நாலுல இருந்து ஏழு வேலை நாள்னா, 5 லட்சம் வரை லிமிட் இருக்கிற கார்டுக்கு அதிகபட்சம் 10,000, அதுக்கு மேல லிமிட்னா 25,000 வரைக்கும் உங்க பொறுப்பு. சொன்ன பத்து வேலை நாளுக்குள்ள வங்கி அந்தத் தொகையைக் கணக்குல திரும்ப வைக்கணும். தப்பு உங்களோடதுன்னு நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ஆனா ஓடிபியை நீங்களே ஒருத்தனுக்கு வாய்விட்டுச் சொல்லியிருந்தா, வங்கிக்குத் தகவல் சொல்ற நிமிஷம் வரைக்கும் போனது உங்க கணக்கு. அதனாலதான் முதல் போன் வங்கிக்குப் போகணும், சொந்தக்காரங்களுக்கு இல்லை.

வெளிநாட்டுத் தளம் சிலதுல ஓடிபி கேட்காமலே பணம் போயிடும். வங்கி ஆப்ல வெளிநாட்டுப் பயன்பாட்டு சுவிட்சை அணைச்சு வைங்க, தேவைப்படும்போது மட்டும் போடுங்க. நம்ம ஊர்த் தளங்கள்ல 2022 அக்டோபர்ல இருந்து கடைக்காரர் உங்க கார்டு எண்ணைச் சேமிச்சு வெக்கக் கூடாது, டோக்கன்னு ஒரு மாற்று எண்தான் இருக்கும். கடையோட கணினியை எவனாவது உடைச்சாலும் உங்க கார்டு எண் அங்க கிடைக்காது. இது செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கும் நல்லது, அந்தப் பாரம் அவர் தலையில இல்லை.

குகை_டு_லண்டன்

பிறந்தது நம்ம சேலம் குகைப் பகுதி, இப்ப இருக்கறது லண்டன். இங்க 1974-ல வந்த நுகர்வோர் கடன் சட்டத்துல 75-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. 100 பவுண்டுக்கு மேல 30,000 பவுண்டு வரைக்கும் விலையுள்ள பொருளை கிரெடிட் கார்டுல வாங்கினா, விற்கிறவரோட சேர்ந்து கார்டு நிறுவனமும் சட்டப்படி பொறுப்பு. முன்பணம் மட்டும் கார்டுல கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் பொறுப்பு. கடை மூடிட்டுப் போயிட்டாலும் நேரா வங்கியைக் கேட்கலாம். நம்ம நாட்டுல அப்படி இருக்கா சார்?

பழைய_டிஸ்ப்யூட்_டெஸ்க்

அந்த மாதிரிப் பிரிவு இங்க இல்லைம்மா, இருக்கணும்னு நான் மனசார விரும்பறேன். இங்க சார்ஜ்பேக் நெட்வொர்க் விதியில நிக்குது. அதுக்கு வெளியில 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. ரிசர்வ் வங்கியோட கார்டு விதிகள்ல, பில்லை எதிர்த்துக் கேட்டா 30 நாளுக்குள்ள விளக்கம் கொடுக்கணும், தேவையான இடத்துல ஆவணத்தோட கொடுக்கணும்னு இருக்கு. அம்மாபேட்டைத் தங்கச்சி, மெயில்ல இந்த வரியைக் குறிப்பிடுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ மறுத்தாலோ ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மன் (வங்கி மேல வர்ற புகாரைக் கேட்கிற குறைதீர்ப்பாளர்) கிட்ட போகலாம், கட்டணம் கிடையாது. அதுவரைக்கும் பில்லை நிறுத்தி வெச்சு வட்டியை ஏத்திக்காதீங்க. தகராறு முடியற வரைக்கும்னு வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமா வரவு வைக்கலைன்னா கெடு தேதிக்குள்ள கட்டிடுங்க. கட்டினதால உரிமை போயிடாது.

அம்மாபேட்டை_தறி (ஆகஸ்ட் 9)

எல்லாருக்கும் நன்றி. ஜூலை 19 மெயில் போட்டேன், சார் சொன்ன வார்த்தையையே எழுதினேன். இந்தத் தடவை புகார் எண் வந்துச்சு. கூரியர் ஆபீசுல முதல் நாள் விரட்டினாங்க. ரெண்டாம் நாள் அம்மாவும் கூட வந்து பெஞ்சுல உட்கார்ந்துட்டாங்க, மேலாளர் எடுத்துக் காட்டினார். பார்சல் எடை 200 கிராம். இறங்கின இடம் ஜங்ஷன் பக்கம் ஒரு தெரு, வேற ஒரு பேர். லெட்டர்ஹெட்ல எழுதிக் கையெழுத்து, சீல் போட்டுக் கொடுத்தார். ஆகஸ்ட் 2 வங்கி 16,800-ஐத் தற்காலிகமா வரவு வெச்சிருக்கு.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

200 கிராம்! என் கொலுசுப் பெட்டி கூட அதைவிட எடை. அந்தக் கடிதத்தைப் பத்திரமா வைங்க, எதிர்ப்பக்கம் பதில் வரும்.

அம்மாபேட்டை_தறி (செப்டம்பர் 26)

வந்துச்சு அண்ணா. "டெலிவரி ஆகிவிட்டது"ங்கற திரையைப் படம் பிடிச்சு, அது ஒண்ணைத்தான் கொடுத்திருந்தாங்க. மறுக்கறதுன்னா ஏழு நாள்ல ஆதாரம் கொடுங்கன்னு வங்கி கேட்டுச்சு. கூரியர் கடிதம், என் ஆதார்ல இருக்கிற முகவரி, தளத்துல மிஷின் எடை 6 கிலோன்னு போட்டிருந்த பக்கத்தோட படம், மூணையும் அனுப்பினேன். நேத்து மெயில் வந்துச்சு: வரவு நிரந்தரம், தகராறு முடிஞ்சது. அம்மா கடைவீதியில நேர்ல பார்த்து, மிதிச்சு, ஓட்டிப் பார்த்து வேற மிஷின் வாங்கிட்டாங்க.

கொண்டலாம்பட்டி_ரவுண்டானா

சந்தோஷம்ங்க. முதல்ல அப்படிச் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. சார், என் மச்சான் விஷயம் கேட்கணும். பிப்ரவரி 10 கட்டினான், மாசக் கடைசியில வரும்னு சொன்னாங்க. இப்ப போடலாமா?

பழைய_டிஸ்ப்யூட்_டெஸ்க்

பிப்ரவரி கடைசியில இருந்து 120 நாள் ஜூன் கடைசியோட முடிஞ்சதுங்க. சார்ஜ்பேக் கதவு மூடியாச்சு. நுகர்வோர் ஆணையத்துக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் நேரம் இருக்கு, 5 லட்சம் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைன்லயே மனு போடலாம். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சுப் புகாரைப் பதியச் சொல்லுங்க. ஆர்டர் மெயில், ஸ்டேட்மென்ட், அவங்க கொடுத்த தேதி, மூணும் இருக்குதான்னு முதல்ல கேளுங்க.

கொண்டலாம்பட்டி_ரவுண்டானா

ஸ்டேட்மென்ட் இருக்குதாம். மெயிலை அழிச்சுட்டேங்கறான். குப்பைத்தொட்டியில கிடக்குதான்னு தேடச் சொல்லியிருக்கேன்.